மாமியாரின் ‘படச்சோனே’யும் 3,500 ரூபாய்த் தகடும்

கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைச் சகோதரி ஒருவர் மூன்று சந்தேகங்களை ஒரே கடிதத்தில் அனுப்பியிருக்கிறார். மாமியார் தொழுதுவிட்டுக் கையேந்தினால் ‘ஆண்டவனே’ என்றும், பாலக்காட்டுப் பழக்கத்தில் ‘படச்சோனே’ (படைத்தவனே) என்றும்தான் துஆ (பிரார்த்தனை) கேட்பாராம். மத்ரஸாவில் ஓதும் பேரன் அப்துர் ரஹ்மான், ‘அல்லாஹ் என்று சொல்லாமல் வேறு எப்படிக் கூப்பிட்டாலும் ஷிர்க் (இணைவைத்தல்)’ என்று சொல்லிவிட, பாட்டி அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அடுத்தது, மகளுக்கு வரன் தள்ளிப்போகிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர், பெண்ணின் பெயருக்கும் தாயின் பெயருக்கும் எண் கூட்டி அவளுக்கு உரிய ‘இஸ்மு’வை, அதாவது இறைத் திருநாமத்தை, கண்டுபிடித்துச் செம்புத் தகட்டில் எழுதித் தருகிறாராம், 3,500 ரூபாய். மூன்றாவது, பொள்ளாச்சிப் பள்ளிக்கூடத்தில் மகனை எல்லோரும் வெறும் ‘ரஹ்மான்’ என்று கூப்பிடுகிறார்கள், அது பாவமா?

முதல் கேள்விக்கு நீட்டி முழக்கத் தேவையில்லை. மாமியார் கேட்பது துஆதான், ஷிர்க் இல்லை. யாரை நினைத்துக் கையேந்துகிறார் என்பதுதான் விஷயம். தொழுகைக்குள் ஓதுவதை அரபியில்தான் ஓத வேண்டும். தொழுது முடித்த பிறகு, அழுகை எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் கேட்கலாம். ‘அல்லாஹ் என்று அழையுங்கள், அல்லது ரஹ்மான் என்று அழையுங்கள், எப்படி அழைத்தாலும் அவனுக்கு அழகிய திருநாமங்கள் இருக்கின்றன’ என்று குர்ஆனே சொல்கிறது (17:110).

பழனியிலும் ஆண்டவர் என்கிறார்களே என்று பேரன் கேட்பான். மக்காவில் சிலை வணங்கியவர்களும் ‘அல்லாஹ்’ என்ற பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் தந்தை பெயரே அப்துல்லாஹ். இஸ்லாம் வருவதற்கு முன்பு வைத்த பெயர். பிறர் வாயிலும் இருக்கிறது என்பதற்காக அந்தப் பெயரை விட்டுவிடவில்லை. கூடாதது எது என்றால், அவனுக்கு இணையையோ பிள்ளையையோ குறையையோ ஒட்டவைக்கும் பெயர்கள். ‘தந்தையே’ என்று நாம் அழைப்பதில்லை. அவன் பெறவும் இல்லை, பெறப்படவும் இல்லை.

பேரனுக்கு, மக்காவுக்கு அருகே ஹுதைபியாவில் நடந்ததைச் சொல்லுங்கள். 628-இல் அங்கே உடன்படிக்கை எழுதும்போது, ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ (ரஹ்மானும் ரஹீமுமான அல்லாஹ்வின் பெயரால்) என்று தொடங்கச் சொன்னார்கள் நபி (ஸல்). மக்கா தரப்பில் வந்த ஸுஹைல் இப்னு அம்ர், ரஹ்மான் யாரென்றே எங்களுக்குத் தெரியாது, ‘பிஸ்மிக்கல்லாஹும்ம’ (அல்லாஹ்வே, உன் பெயரால்) என்று எழுதுங்கள் என்று முரண்டு பிடித்தார். சரி, அப்படியே எழுதுங்கள் என்றுவிட்டார்கள் நபி (ஸல்). அந்தப் பொறுமையில் கொஞ்சம் பாட்டி விஷயத்தில் இவனுக்கும் வேண்டும்.

பையனையும் ரொம்பத் திட்டாதீர்கள். அல்லாஹ்வின் 99 திருநாமங்களை ராகம் போட்டுச் சொன்னால் ஆண்டு விழாவில் டிபன் பாக்ஸ் பரிசு; ‘வதூத்’ என்றால் அன்பு நிறைந்தவன் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. மினாராவுக்குப் பெயின்ட் அடிக்க வசூல் குவிகிறது, ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்குச் சம்பளம் ஏற்றச் சொன்னால் ஜமாஅத் கூட்டம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. வேறு என்ன விளையும்?

இனி அந்தத் தகடு. வாங்காதீர்கள்.

இவர்கள் வித்தை இதுதான். அரபி எழுத்துகளை எண்களாகப் பயன்படுத்தும் பழைய முறை ஒன்று உண்டு, அப்ஜத் என்பார்கள். ‘லதீஃப்’ என்பதற்கு லாம் 30, தா 9, யா 10, ஃபா 80, மொத்தம் 129. அதை அதே எண்ணால் பெருக்கினால் 16,641. அத்தனை தடவை ஓதி முடியுங்கள் என்பார்கள். அடுப்பையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணால் எண்ண முடியும்? காரியம் நடக்காவிட்டால் ‘எண்ணிக்கை விட்டுப்போச்சு’ என்று பழி உங்கள் தலையில். இன்னொரு தகடு, இன்னொரு தொகை. கணக்காக அப்ஜத்தில் தப்பில்லை. ஆனால் உங்கள் பெயரின் எண்ணைப் பார்த்துத்தான் அல்லாஹ் காது கொடுப்பான் என்பது குர்ஆனிலும் இல்லை, நபிமொழியான ஹதீஸிலும் இல்லை. பெயரை மலையாளத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து அரபிக்கு மாற்றினால் ஓர் எண், தமிழைப் பார்த்து மாற்றினால் வேறோர் எண். ஒரே பெண்ணுக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் இஸ்மு, அந்தப் பக்கம் ஓர் இஸ்மா?

‘நூறாவது ரகசியத் திருநாமம் என்னிடம் இருக்கிறது’ என்று இன்னொரு கூட்டம் வரும். 99 திருநாமங்கள் பற்றிய ஹதீஸ், புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. சுவரில் மாட்டுகிற பெயர்ப் பட்டியல் திர்மிதி என்ற இன்னொரு தொகுப்பில் வருவது. அறிவிப்பாளர்கள் சேர்த்தது அது என்று ஹதீஸ் அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய பெயர்கள் 99-ஓடு முடிந்துவிடவில்லை. மறைவான ஞானத்தில் தன்னிடமே வைத்துக்கொண்ட பெயர்களும் அவனுக்கு உண்டு. அவன் தன்னிடமே வைத்துக்கொண்டது இந்த வாட்ஸ்அப்காரருக்கு எப்படிக் கிடைத்தது?

கேட்கிற காரியத்துக்குப் பொருந்தும் பெயரால் கூப்பிடுங்கள். ரிஸ்க் (வாழ்வாதாரம்) வேண்டுமா, யா ரஸ்ஸாக். மன்னிப்பா, யா கஃப்பார். ‘நாடினால் கொடு’ என்று இழுக்காதீர்கள், உறுதியாகக் கேளுங்கள்; ஹதீஸ் அப்படித்தான் சொல்கிறது. மைக் தேவையில்லை, அவன் செவிடன் இல்லை. ஊரை விட்டு ஓடி மத்யனில் நிழலோரம் ஒதுங்கிய மூஸா நபி, ‘என் இறைவா, நீ எனக்கு இறக்கும் எந்த நன்மைக்கும் நான் தேவையுள்ளவன்’ என்றார் (28:24). வேலையும் கல்யாணமும் அங்கேயே கூடிவந்தன. மகளை இதை ஓதச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

மூன்றாவது கேள்வியில்தான் நுணுக்கம் இருக்கிறது. அல்லாஹ், ரஹ்மான், காலிக், ரஸ்ஸாக், குத்தூஸ் போன்றவை அவனுக்கே உரியவை. முன்னால் ‘அப்து’ (அடிமை) இல்லாமல் மனிதனுக்கு வைப்பதில்லை. ரஹீம், கரீம், அஸீஸ் அப்படியல்ல. நபியையே ‘ரஊஃப், ரஹீம்’ என்கிறது குர்ஆன் (9:128). யூஸுஃப் சூராவில் எகிப்து அதிகாரிக்குப் பட்டம் அஸீஸ். மனிதனைக் கேட்பவனாக, பார்ப்பவனாக ஆக்கினோம் என்று சொல்லும் இடத்தில் வருவதும் ஸமீஉ, பஸீர் என்ற அதே சொற்கள்தான் (76:2). ஆக டீக்கடை கரீம் பாயைக் கரீம் பாய் என்றே கூப்பிடுங்கள், குற்றமில்லை. உங்கள் மகனை மட்டும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். தெரியாமல் கூப்பிடும் வகுப்புப் பிள்ளைகள் மேல் பாவத்தை ஏற்றாதீர்கள். ‘அப்துல்’ என்று பாதியில் வெட்டுவதும் அர்த்தமில்லாதது, யாருடைய அடிமை என்று சொல்லாமலே நிற்கிறது.

வெட்டுவதைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் விண்ணப்பப் படிவங்கள்தான். பாஸ்போர்ட்டுக்கு இரண்டு கட்டம். ஒன்றில் அப்துல், மற்றதில் ரஹ்மான் என்று பிரித்துப்போட்டு, வளைகுடாவில் போய் இறங்கும்போது பையன் வேறு ஆளாகிவிடுகிறான். பெயரை நடுவில் இடைவெளி விடாமல் ‘அப்துர்ரஹ்மான்’ என்று ஒரே சொல்லாக, இங்கிலீஷிலும் அப்படியே, முதலில் பிறப்புச் சான்றிதழில் சரிபாருங்கள். பிறகு பள்ளிக்கூடப் பதிவேடு, அப்புறம் ஆதார். ஆதாரில் பெயர் திருத்த ஆயுளுக்கு 2 வாய்ப்புதான். ‘நான் பார்த்துக்கிறேன்’ என்று சொல்லும் ஏஜென்டிடம் கொடுத்து அதில் ஒன்றை வீணாக்காமல், கேரள அரசின் அக்ஷயா சேவை மையத்தில் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்.