டொயோட்டா எம்ஆர்2 மறுபடியும் வருமா? வந்தால் பாலக்காட்டுப் பக்கம் வைத்து ஓட்ட முடியுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். டொயோட்டா எம்ஆர்2 புதிதாக வருகிறது என்று படமெல்லாம் சுற்றுகிறது. நம்பலாமா? வந்தால் கோவை, பாலக்காடு, நெல்லியாம்பதி என்று நம் பக்கத்து ரோட்டுக்கு ஒத்துவருமா? எவ்வளவு ஆகும்?

பதில்:

எம்ஆர்2 என்பது இருக்கைக்குப் பின்னால், வண்டியின் நடுவில் இன்ஜின் வைத்த ஸ்போர்ட்ஸ் கார். சுற்றுகிற படங்கள் கணினியில் வரைந்தவை, அவற்றை விட்டுவிடுங்கள். ஆனால் இந்த வதந்திக்கு அடியில் உண்மையான இன்ஜின் ஒன்று இருக்கிறது. அதனால் நான் இதைத் தள்ளிவிட மாட்டேன்.

2024 மே மாதம் டொயோட்டா இரண்டு புதிய நாலு சிலிண்டர் இன்ஜின்களைக் காட்டியது: ஒன்று 1.5 லிட்டர், இன்னொன்று 2.0 லிட்டர் டர்போ. 2 லிட்டரை இப்போதுள்ள 2.4 லிட்டர் டர்போவைவிட அளவிலும் உயரத்திலும் சிறியதாகச் செய்கிறார்கள். 2025 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில் அந்த 2 லிட்டரை, ஜி20ஈ என்ற பெயரில், யாரிஸ் என்ற சின்னக் காரில் இருக்கைக்குப் பின்னால் வைத்துக் காட்டினார்கள். அதுதான் ஜிஆர் யாரிஸ் எம் கான்செப்ட் (ஜிஆர் என்பது டொயோட்டா தன் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வைக்கும் பெயர்). நாலு சக்கரத்துக்கும் இழுவை. ஜப்பானின் சூப்பர் டைக்யூ பந்தயத்தில் ஓட்டிச் சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்த வண்டி. யாரிஸை அப்படியே கடையில் விற்க இவ்வளவு வேலை செய்ய மாட்டார்கள். இன்ஜினை நடுவில் வைத்தால் சூடு எங்கே தேங்குகிறது, பின் சக்கரம் எப்போது வழுக்குகிறது, கியர்பாக்ஸிலிருந்து முன் சக்கரத்துக்கு ஷாஃப்ட்டை எப்படிக் கொண்டுபோவது என்று கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பாடு. வேறொரு உடம்புக்கு நடக்கும் தயாரிப்பு என்றே இதை எடுத்துக்கொள்கிறேன்.

வேறு இரண்டு சேதிகளை இதோடு கலக்காதீர்கள். 2023 அக்டோபரில் காட்டிய எஃப்டி-எஸ்ஈ பேட்டரி வண்டி. படத்தில் எம்ஆர்2 சாயல் தெரிந்தாலும் அதில் பெட்ரோல் இன்ஜினுக்கு வேலையே இல்லை. 2024 நவம்பரில் ஜப்பான் ராலி மேடையில் டொயோட்டா உயர் அதிகாரி ஒருவர் வாய்விட்டுச் சொன்னது செலிகாவைப் பற்றி. இனி வரும் சேதிகளில் பெயர்ப் பதிவுக்கு (டிரேட்மார்க்) மதிப்புக் கொடுக்க வேண்டாம். விற்காத வண்டியின் பெயரையும் கம்பெனிகள் விட்டுவிடாமல் பதிந்து வைத்திருக்கும். சோதனை வண்டியின் படம் வந்தால் கதவுக்குப் பின்னால் உற்றுப் பாருங்கள். பின் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் காற்று வழி இருந்து, பின் இருக்கையும் இல்லை என்றால் இன்ஜின் அங்கேதான் இருக்கிறது. முன்பக்கக் கிரில்லை வைத்து முடிவு செய்யாதீர்கள், இன்ஜின் பின்னால் போனாலும் ரேடியேட்டர் முன்னால்தான் நிற்கும்.

வந்தால் எப்படி வரும்? பழைய எம்ஆர்2 மூன்று தலைமுறை. 1984-ல் வந்த ஏடபிள்யூ11 1.6 லிட்டர், சின்ன வண்டி. 1989-ல் எஸ்டபிள்யூ20, அதில் 2 லிட்டர் டர்போவும் உண்டு. 1999-ல் வந்த மூன்றாவது 1.8 லிட்டர், மேல் மூடி திறக்கும், எடை ஏறக்குறைய 1000 கிலோ, 2007-ல் நின்றது. மூன்றிலும் பின் சக்கர இழுவைதான். இப்போது ஜிஆர் யாரிஸே 1280 கிலோ. நடு இன்ஜினோடு நாலு சக்கர இழுவையும் சேர்ந்தால் 1300-க்குக் கீழே நிற்பது கஷ்டம். முன்பக்கம் டிஃபரன்ஷியலும் ரேடியேட்டரும் உட்கார்ந்துவிட்டால் பெட்டி வைக்கவும் இடம் இருக்காது. டொயோட்டா பந்தயத்தை மனதில் வைத்து 2 லிட்டர், நாலு சக்கர இழுவை என்றே போகும் என்பது என் கணிப்பு. என் ஆசை வேறு: அந்த 1.5 லிட்டரில் டர்போ, பின் சக்கர இழுவை, 1100 கிலோ. எம்ஆர்2 என்ற பெயருக்குத் தகுதி அதற்குத்தான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

நம் பக்கம் முதல் பிரச்சினை சூடு. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் 40 டிகிரி தொடுகிறது. முன் இன்ஜின் வண்டியில் எதிர்காற்று இன்ஜின் மேலேயே வந்து மோதும். நடு இன்ஜினுக்கு அந்தக் காற்று கதவுக்குப் பின்னால் இருக்கும் துளை வழியாகத்தான் போக வேண்டும். ஓடும்போது சரி. பாம்பாம்பள்ளம் டோலில் வரிசையில் நின்றால் சூடான காற்று மூடிக்குள்ளேயே சுற்றும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரும் அங்கேயே இருப்பதால் அதுவும் சூடேறி, இன்ஜின் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். மலை ஏறி வந்ததும் டப்பென்று ஆஃப் செய்யாதீர்கள். ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டால்தான் டர்போ பேரிங்கில் ஆயில் கருகாது.

இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் இன்னொரு தலைவலி. ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால், இரண்டுக்கும் நடுவே தரைக்கு அடியில் நீளமான குழாய்கள். சாதாரண காரில் ஐந்தாறு லிட்டர் போதும், எஸ்டபிள்யூ20 டர்போவில் 12 லிட்டருக்கு மேல் பிடிக்கும். குழாயில் காற்று மாட்டினால் கேஜ் நார்மலைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹெட்டில் சூடு ஏறி கேஸ்கெட் போய்விடும். கூலன்ட் மாற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் உள்ள, காற்றை வெளியேற்றும் பிளீட் வால்வுகளில் தெளிவான டியூப் மாட்டி, குமிழ் நிற்கும் வரை மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரத்தில் மேலே மூடியைத் திறந்து ஊற்றிவிட்டுப் போகிற வொர்க்‌ஷாப்பில் இந்த வண்டியை விடவே கூடாது. புது வண்டியிலும் இந்த அமைப்பு மாறாது.

நெம்மாறை, போத்துண்டி வழியாக நெல்லியாம்பதி ஏறுவதற்கு இதைப்போல வண்டி கிடையாது. எடை பின் சக்கரத்தின் மேல் இருப்பதால் கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது பிடி அருமையாக இருக்கும், ஸ்டியரிங்கும் லேசாக இருக்கும். இறக்கம்தான் ஆபத்து. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் பாயும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். முதல் எஸ்டபிள்யூ20 வண்டிகளுக்கு இதனால்தான் கெட்ட பெயர். டொயோட்டா பிறகு பின் சஸ்பென்ஷனை மாற்றி, 15 அங்குல வீலில் முன்னால் 195, பின்னால் 225 அகல டயர் போட்டது. பிரேக்கும் கியர் குறைப்பதும் நேர்ரோட்டிலேயே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரில் காலை லேசாக வைத்தபடியே இருங்கள். மழைக்காலத்தில் இரட்டிப்புக் கவனம். டயரை ஜோடியாக மட்டுமே மாற்றுங்கள், பின் டயர் தேய்ந்திருக்கும்போது முன்னால் மட்டும் புதிது போட்டால் வண்டி சுற்றும். பழகுவதற்கு ரோட்டைவிட கோவை செட்டிபாளையத்துக் கரி ஸ்பீட்வே பந்தயத் தடம் நல்லது. சுற்று 2.1 கிலோமீட்டர், வழுக்கினாலும் எதிரே லாரி வராது.

பெட்ரோல் விஷயத்தில் இப்படிப்பட்ட டர்போவுக்கு 95-க்குக் குறையாத ஆக்டேன் போடுங்கள். குறைந்தால் இன்ஜின் தட்டும், கம்ப்யூட்டர் இக்னிஷனைத் தாமதப்படுத்தும், காசு கொடுத்த பவர் காணாமல் போகும். இந்தியன் ஆயிலின் 95 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி95 எந்தப் பெட்ரோல் பங்க்கில் கிடைக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாகக் காசு. டொயோட்டா இந்தியாவில் ஜிஆர் ஸ்போர்ட்ஸ் கார் எதையும் ஷோரூமில் விற்கவில்லை, சுப்ராவும் இல்லை, ஜிஆர் யாரிஸும் இல்லை. முழு வண்டியாக இறக்குமதி ஆனால்தான் உண்டு. கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்ந்த விலை 40,000 டாலரைத் தாண்டுகிறதா என்பதுதான் கணக்கின் திருப்பம். தாண்டாவிட்டால் சுங்கம் 70 சதவீதம், தாண்டினால் செஸ்ஸோடு சேர்த்து 110. அதன் மேல் 40 சதவீதம் ஜிஎஸ்டி. 32 லட்சத்துக்கு வந்து இறங்கும் வண்டி சுங்கத்தோடு 54.4 லட்சம், ஜிஎஸ்டியோடு 76 லட்சம். 45 லட்சத்துக்கு இறங்கினால் 94.5, பிறகு 132 லட்சம். இறக்குமதி விலையில் 13 லட்சம் வித்தியாசம், கையில் 56 லட்சமாகிவிடுகிறது. நான் 1.5 லிட்டரை விரும்புவதற்கு இதுவும் காரணம். இதற்கு மேல் சாலை வரி, தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம்.

கோவை விலாசத்தில் பதிந்து கொழிஞ்சாம்பாறையில் நிறுத்திக்கொள்ளலாம் என்று எல்லையில் பலர் யோசனை சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47-ம் பிரிவின்படி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டு ஆர்டிஓ-விடம் என்ஓசி வாங்கி, கேரளத்து வரியைக் கட்டி, தமிழ்நாட்டில் கட்டியதில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். நீங்கள் குடியிருப்பது கேரளம் என்றால் முதலிலேயே கேஎல் நம்பர் வாங்குங்கள். பூடான் வழியாக வந்தது, மலிவு என்று யாராவது காட்டினால் கையே வைக்காதீர்கள். 2025 செப்டம்பரில் சுங்கத்துறை கேரளம் முழுக்கத் தேடிப் பறிமுதல் செய்தது அப்படி வந்த வண்டிகளைத்தான்.