விறகுக் கொதிகலன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புகையைப் பற்றியவை. அவற்றில் விறகு என்ன மரம், எப்போது வெட்டியது, எங்கே அடுக்கியிருக்கிறது என்று எழுதியவர்கள் மிகச் சிலர். இனி எழுதுகிறவர்கள் முதல் வரியில் விறகைச் சொல்லுங்கள். கொதிகலன் என்ன விலைக்கு வாங்கியது என்பதெல்லாம் அப்புறம்.

வீட்டுக்குப் பின்னால் சுடுதண்ணீர்க் கொதிகலன் வைத்திருக்கிறோம். மாதம் இரண்டு தடவை புகைபோக்கி அடைத்துக்கொள்கிறது. எந்த பிரஷ் நல்லது? (ரவாங்)

பிரஷைக் கடைசியில் பார்ப்போம். கடிதத்தின் நடுவே, “ரப்பர் விறகு, புதுசு, நல்ல கனம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கனம் தண்ணீர், ஐயா. மறுநடவுக்குச் சாய்த்த ரப்பர் மரம் லோரியிலிருந்து இறங்கிய வாரத்தில் பத்து கிலோவில் ஏறக்குறைய நான்கு கிலோ தண்ணீர்தான். அதை ஆவியாக்க விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு போகும். அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம், தீ சூடேறாமல் மந்தமாக எரிவது. விறகிலிருந்து கிளம்பும் எரிவாயு எரியாமலே மேலே போகிறது. புகைபோக்கியின் உட்சுவர் 120 டிகிரிக்குக் கீழே இருந்தால் அங்கேயே தாராகப் படிகிறது. நீங்கள் சுரண்டி எடுப்பது எரியாமல் போன உங்கள் விறகைத்தான்.

இதை எத்தனை முறை சொன்னாலும், “காய்ந்த விறகுதான்” என்றே பதில் வருகிறது. மேலே தட்டிப் பார்த்துச் சொல்லும் பதில் அது. ஒரு கட்டையைக் கோடரியால் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் குத்துங்கள். 20 சதவீதத்துக்குள் வந்தால் எரிக்கலாம். நம் மலேசிய ஈரக்காற்றில் அதற்கு மேல் காயவைக்க மெனக்கெட வேண்டாம். ஈரமானி இல்லையா? இரண்டு கட்டைகளில் சாக்பீஸால் அடையாளம் போட்டு வாரம் ஒரு முறை எடை பாருங்கள். எடை இறங்குவது நிற்கும்வரை அந்த அடுக்கைத் தொடாதீர்கள்.

காயவைக்கும் முறையிலும் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். உருட்டுக் கட்டையாகப் பட்டையோடு போட்டால் ஒரு வருஷமானாலும் நடு காயாது. வந்த அன்றே நாலு அங்குலப் பருமனுக்குப் பிளந்துவிடுங்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், இரண்டு வாரத்தில் நீலப் பூஞ்சை பிடிக்கும், பிறகு வண்டு துளைத்து மாவு கொட்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி அடுக்குங்கள். மேலே தகரம் போதும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடுகிறவர்கள் விறகை அவிக்கிறார்கள், காயவைக்கவில்லை. நாலைந்து மாதம் பிடிக்கும்.

இப்போது பிரஷ். ஆறு அங்குலக் குழாய்க்கு ஆறு அங்குல பிரஷ். எவர்சில்வர் குழாய் என்றால் எவர்சில்வர் கம்பி அல்லது கெட்டி நைலான் வாங்குங்கள், சாதாரண இரும்புக் கம்பி கீறித் துருவை விதைக்கும். படிவு மூன்று மில்லிமீட்டர் தாண்டினால் துடைக்க வேண்டும். பொடிக்கரி பிரஷுக்கு வரும். கண்ணாடி போல மினுங்கும் கெட்டித்தார் வராது, ஆள் வைத்து எடுக்க வேண்டும். கொளுத்திவிட்டால் போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள். புகைபோக்கிக்குள் பிடிக்கும் தீ ஆயிரம் டிகிரியைத் தொடும்.

தெலுக் பஹாங் கடற்கரையில் ஒதுங்கும் கட்டைகளை எரிக்கலாமா? (பினாங்கு)

வேண்டாம். உள்ளே ஊறிய உப்பு, விறகு எரியும் அறையின் இரும்பை அரிக்கும். எத்தனை மழை கழுவினாலும் நடுவில் உள்ள உப்பு போகாது.

சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறோம். தளவாடத் தொழிற்சாலையிலிருந்து துண்டுக் கட்டைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. (புக்கிட் மெர்தாஜாம்)

எது என்று சொல்லவில்லையே. அறுத்த வெறும் கட்டை என்றால், ஈரம் பார்த்துவிட்டு எரிக்கலாம். பிளைவுட், சிப்போர்டு, பெயின்ட் அல்லது வார்னிஷ் பூசியது எதுவும் கூடாது. பச்சை நிறம் ஏறிய கம்பம், வேலிக்கால் கூடவே கூடாது. அந்தப் பச்சை செம்பு, குரோமியம், ஆர்சனிக் மருந்தாக இருக்கலாம். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். சரக்கு அடுக்கும் மரப் பாலெட்டுகளில் முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ (HT) என்றால் வெறும் வெப்பம் கொடுத்தது. ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷப்புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள். பலருக்குச் சமைக்கிறவர் விஷயத்தில் இலவசத்தைப் பார்க்கக் கூடாது.

சாம்பலை தினமும் அள்ள வேண்டுமா? (செந்தூல்)

தினமும் வழித்துத் துடைக்க வேண்டாம். கம்பித்தட்டு மேல் ஒரு அங்குலம் இருந்தால் கங்கு நிலைக்கும். தட்டுக்குக் கீழே மட்டும் குவிய விடாதீர்கள். காற்று அடைபட்டால் தட்டு பழுக்கக் காய்ந்து வளையும். அள்ளிய சாம்பல் மூடி போட்ட தகர வாளிக்குத்தான் போக வேண்டும், வாளி சிமென்டுத் தரையில் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் பையும் குப்பைத்தொட்டியும் ஆகாது. சாம்பலுக்குள் கங்கு இரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும்.

ஹோம்ஸ்டேவில் ஆள் கவனிக்காமல் விட்டதில் தண்ணீர் வற்றிவிட்டது. உடனே குழாயைத் திறந்துவிட்டோம், ‘டம்’ என்று சத்தம் வந்தது. ஆபத்தா? (பாலிக் பூலாவ்)

ஆபத்திலிருந்து தப்பித்தீர்கள். பழுத்த இரும்பில் பட்ட தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேல் விரியும். அடுத்த முறை காற்றுக் கதவை மூடுங்கள், தண்ணீர்க் குழாயைத் தொடாதீர்கள், கைவைக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். இப்போது வெல்டிங் செய்த இணைப்பு எல்லாவற்றையும் பார்த்து, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு கசிவு பாருங்கள். மேலே திறந்த ஆவிக்குழாய் இருக்கிறதா என்று எழுதவில்லை. அதில் வால்வு மாட்டவே கூடாது. அழுத்தத்தில் இயங்கும் நீராவிக் கொதிகலன் என்றால் அது ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) சான்று சார்ந்த விஷயம், பட்டறையில் ஒட்டவைக்கும் வேலை அல்ல.

கதவோரம் புகை கசிகிறது. (ஜிஞ்சாங்)

ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள். சுற்றிலும் பல இடங்களில் செய்யுங்கள். வழுக்கி வரும் இடத்தில், கதவு இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் கயிறு செத்துவிட்டது. பழைய பசையைச் சுரண்டி, அதே பருமனில் கண்ணாடி நார்க் கயிறு வாங்கி, அடுப்புச் சிமென்டில் ஒட்டுங்கள். கயிற்றை இழுத்து ஒட்டாதீர்கள், மெலிந்துபோகும். பிறகும் கசிந்தால் புகைபோக்கியைப் பாருங்கள். விறகையும்.

தண்ணீர்ப் பக்கம் வெள்ளையாகப் படிகிறது. (கோம்பாக்)

கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? நம் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. பத்துமலைப் பக்கம் சுண்ணாம்புக் குன்றோரக் கிணறு என்றால் படியத்தான் செய்யும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, மூன்று முறை அலசுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் ஊற்றினால் எவர்சில்வர் குழி விழும்.

கனடாவில் தம்பி வீட்டுக்கு வெளியே விறகுக் கொதிகலன் வைத்து வீட்டையே சூடாக்குகிறான். கோடையில் தண்ணீரை இறக்கிவிடலாமா என்று கேட்கிறான். (பெட்டாலிங் ஜெயா)

இறக்கக் கூடாது. காலி உறையில் காற்றும் ஈரமும் சேர்ந்து உள்ளிருந்து துருப்பிடிக்கும். துருத்தடுப்பு மருந்து கலந்த தண்ணீர் நிறைந்தே இருக்கட்டும். வருஷம் ஒரு முறை மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சீசன் முடிந்ததும் விறகு எரியும் அறையைச் சாம்பல் துளியும் இல்லாமல் சுரண்டி, மெல்லிய எண்ணெய் பூசி, புகைபோக்கிக்கு மூடி போட வேண்டும். சாம்பல் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். குளிர்காலத்தில் வீட்டிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் விறகு எரியும் அறையின் சுவரில் அமிலத்தார் வியர்க்கும். குளிக்கும் தண்ணீருக்காக மட்டும் கோடை முழுக்கத் தீயை மந்தமாகக் கனல வைத்திருப்பதும் இதே கேடு.

மழைக்காலத்தில் கொதிகலனைச் சமையல்கட்டுக்குள் நகர்த்தலாமா? (பாயான் லெப்பாஸ்)

கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தலைவலியோடு தூங்கப் போகிறவர் எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது. வெளியிலேயே நாலு கால் நட்டு, தீப்பற்றாத தகரக் கூரை போடுங்கள். புகைபோக்கி கூரைக்கு மேல் மூன்றடி நிற்கட்டும். கூரையும் குழாயும் சேரும் இடத்தில் மரச்சட்டம் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.