பள்ளிப் பாட்டுக் குழுவில் பாடுவது பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு என்ன தருகிறது?

சோமனூர்ப் பக்கம், தறிக்குடோனை ஒட்டின வீடுங்க எங்களுது. தறிச் சத்தத்துக்கு மேல கத்திப் பேசியே வளர்ந்தவன் நான். எட்டாவதுல பிரேயர்ல பாடுற குழுவுக்கு என்னை எடுத்தப்போ பாட்டு டீச்சர் சொன்ன முதல் பாடம்: "பக்கத்துல நிக்கறவங்க குரல் உன்ற காதுல விழோணும் கண்ணு. விழலீன்னா நீ கத்தறேன்னு அர்த்தம்."

தமிழ்த்தாய் வாழ்த்து மோகன ராகம். எம்.எஸ்.விஸ்வநாதன் போட்ட மெட்டு. ஐஞ்சே ஸ்வரம்ங்கறதால பாட்டுக் கத்துக்காத எங்களுக்கும் சீக்கிரமே பிடிபட்டுச்சு.

ஒன்பதாவதுல எனக்கு மகரக்கட்டு வந்துச்சு. அந்த வயசுல பையன்களுக்குக் குரல்வளை பெருசாகும், குரல் நாண் நீண்டு தடிக்கும், குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ச'வுல இருந்து அடுத்த 'ச' வரைக்கும் உள்ள தூரம், கீழ இறங்கிரும். இறங்கி முடியற வரைக்கும் எப்ப பிசிறும்னு நமக்கே தெரியாது. வகுப்புல எந்திரிச்சுப் பதில் சொல்லவே பயந்துட்டு இருந்தேன். ஒரு திங்கக்கிழமை, கொடிக்கம்பத்துக்கு முன்னாடி, மேல போற இடத்துல குரல் ரெண்டா உடைஞ்சுருச்சு. வாயை மூடிட்டேன். பாட்டு நிக்கல. பக்கத்துல நின்ன பொண்ணு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காம அந்த ஸ்வரத்தைப் பிடிச்சுட்டுப் போயிட்டா. அடுத்த வரியில நான் சேர்ந்துக்கிட்டேன்.

டீச்சர் என்னை நீக்கல. கீழ் ஸ்தாயியில பாடச் சொன்னாங்க. மூச்சுக்கும் முறை வெச்சிருந்தாங்க. இழுத்துப் பிடிக்கற இடத்துல எல்லாரும் ஒண்ணா மூச்சு வாங்கினா பாட்டு அறுந்துரும். அதனால நான் வாங்கறப்போ பக்கத்துல நிக்கற அந்தப் பொண்ணு பிடிக்கோணும், அவ வாங்கறப்போ நான். பதினாலு வயசுல, உடம்பே நம்ம பேச்சைக் கேக்காத காலத்துல, "நீ மூச்சு வாங்கிக்கோ, நான் பிடிச்சுக்கறேன்"னு ஒருத்தர் பக்கத்துல நிக்கறது எவ்வளவு பெரிய தைரியம்னு அன்னைக்கு எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க கேட்டதுக்கு என் பதில் அதுதாங்க.

2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலா அறிவிச்சப்போ, விழாக்கள்ல ஒலிப்பதிவைப் போடாம ஆளுங்களே பாடணும்னும் சொன்னாங்க. எனக்கு ரொம்பச் சந்தோசம். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குரல் நல்லா இருக்கற நாலு பேரை மட்டும் பொறுக்காதீங்க. கரகரங்கற பையனையும் நிக்க வைங்க.

இப்ப என் பையன் எட்டாவது. குரல் மாற ஆரம்பிச்சிருச்சு. "அப்பா, நான் குழுவுல இருந்து நின்னுக்கட்டுங்களா?"ன்னு போன வாரம் கேட்டான். ராத்திரி மாடியில உக்காந்து ரெண்டு பேரும் கீழ் ஸ்தாயியில பாடிப் பார்த்தோம். திங்கக்கிழமை போய்ப் பாடிட்டு வந்தான்.