பாரிஸ்ல இருந்து வந்த குட்டி வேப், சிகரெட்ட நிறுத்த உதவுமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் கடலூர் முதுநகர், சிப்காட்ல ஷிஃப்ட் வேலை, வயசு 31. காலேஜ் நாள்ல இருந்தே தம் பழக்கம், இப்ப ஒரு நாளைக்கு எட்டு பத்து ஆகுது. பாண்டியில எங்க மாமா வீடு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்துல வேலை பாத்தவங்க குடும்பம், மாமா பையன் பாரிஸ்ல இருந்து லீவுக்கு வந்தப்ப சட்டைப் பாக்கெட்ல அடங்கற ஒரு வேப், அதான் இ-சிகரெட், குடுத்தான், கூடவே 10 மில்லி லிக்விட் பாட்டில் ரெண்டு. தீந்தா ஊத்திக்கலாம், சார்ஜ் போட்டுக்கலாம். இழுத்துப் பாத்தேன், தொண்டை எரியவே இல்ல, ஆனா கொஞ்ச நேரத்துல தலை கிர்ருனு சுத்திடுச்சு. வீட்ல ஒன்றரை வயசு பாப்பா இருக்கா, அவளுக்காகவாவது சிகரெட்ட விடணும். இத வச்சு விட்டுடலாமா? லிக்விட் இங்கயே கிடைக்கும்னு ஃப்ரெண்ட் சொல்றான்.
(பெயர் வேண்டாம், கடலூர்)

பதில்: தம்பி, மத்தது எல்லாம் அப்புறம், முதல்ல அந்த ரெண்டு பாட்டிலும் இப்ப எங்க இருக்குன்னு பாருங்க. பிரான்ஸ்ல விக்கற லிக்விட்ல ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் வரைக்கும் நிகோடின் இருக்கலாம், அப்ப 10 மில்லி பாட்டில்ல 200 மில்லிகிராம். பழ வாசனை, இனிப்பு வாசனை வேற, ஒன்றரை வயசுக் குழந்தை கைல எது கிடைச்சாலும் வாய்லதான் வைக்கும், அதுல கொஞ்சம் உள்ள போனாலே வாந்தி, வலிப்பு, மூச்சுத் திணறல்னு உயிருக்கே ஆபத்தாயிடும். தோல்ல பட்டாலும் உடம்புல ஏறும். பூட்டற பீரோல வையுங்க, மேல் ஷெல்ஃப்ல வச்சா போதும்னு நினைக்காதீங்க. ஒருவேளை குழந்தை வாய்ல பட்டுடுச்சுன்னா வாந்தி எடுக்க வைக்காம உடனே பாட்டிலோட ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

தலை சுத்தினதுக்கு வருவோம். வேப்ல எதுவும் எரியறது இல்ல, உள்ள ஒரு சின்ன கம்பிச்சுருள், அதான் காயில், அதச் சுத்திப் பஞ்சு, பஞ்சுல லிக்விட் ஊறி நிக்கும், நீங்க இழுத்ததும் பேட்டரி அந்த காயில சூடாக்கி லிக்விட்ட ஆவியாக்கும். இந்த மாதிரி குட்டி மெஷினுக்கு வர்ற லிக்விட்ல நிறைய வகை நிகோடின் சால்ட், அதாவது நிகோடினோட பென்சாயிக் ஆசிட் மாதிரி ஒண்ணச் சேர்த்து தொண்டைல காரம் தெரியாமப் பண்ணிருப்பாங்க. சிகரெட்ல தொண்டை எரிச்சல் உங்கள ஒரு அளவுல நிறுத்தும், இதுல அது கிடையாது. அதனால உங்களுக்கே தெரியாம நிறைய இழுத்திருக்கீங்க, தலை சுத்தினது நிகோடின் அதிகமானதுதான். இன்னொண்ணு, சிகரெட்டு ஃபில்டர் வந்தா முடிஞ்சுது, இது முடியவே முடியாது, வேலைல நிக்கறப்ப, டிவி முன்னாடி, பஸ் ஸ்டாண்ட்லனு கை தானாப் போகும், சாயங்காலம் எத்தன இழுத்தோம்னு கேட்டா கணக்கே இருக்காது.

சிகரெட்டோட ஒப்பிட்டா வேப்ல கெடுதல் கம்மியாங்கறத நான் மறைக்க மாட்டேன், கம்மிதான். புகையிலை எரியும்போது வர்ற தாரும் கார்பன் மோனாக்சைடும் இதுல இல்ல. சிகரெட்ட விடறதுக்கு தோல்ல ஒட்டற நிகோடின் பேட்ச், மெல்லற நிகோடின் கம்ம விட நிகோடின் வேப் கூடுதலா உதவுதுன்னு நல்ல ஆய்வுகள் சொல்லுது, இங்கிலாந்துல அரசாங்கமே 2023ல சிகரெட் பிடிக்கறவங்களுக்கு வேப் கிட் குடுக்கற திட்டம் அறிவிச்சாங்க. உங்க மச்சான் நல்ல எண்ணத்துலதான் குடுத்திருக்காரு, அத நான் தப்பு சொல்லல. ஆனா கெடுதல் கம்மிங்கறதும் கெடுதல் இல்லங்கறதும் ஒண்ணில்ல. பஞ்சு காஞ்சு போய் இழுத்தா கருகின வாடை வரும் பாருங்க, அந்த நேரத்துல ஃபார்மால்டிஹைட், அக்ரோலின் மாதிரி நுரையீரலுக்கு ஆகாததெல்லாம் உருவாகுது, பழைய காயில்ல இருந்து நிக்கல், குரோமியம் மாதிரி உலோகமும் ஆவியோட வரும்.

என் கவலை மெஷினப் பத்தி அவ்வளவா இல்ல, ரீஃபில் பத்திதான். அங்க ஐரோப்பிய விதிப்படி நிகோடின் அளவு, பாட்டில் அளவு, வேப்ல லிக்விட் ஊத்தற பாட் 2 மில்லிக்கு மேல பிடிக்கக் கூடாதுங்கறது வரைக்கும் எல்லாத்துக்கும் கட்டுப்பாடு இருக்கு, உள்ள என்ன போட்டிருக்காங்கனு கம்பெனி அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கணும். அந்த ரெண்டு பாட்டிலும் எத்தன நாளுக்கு வரும்? தீந்ததும் ஃப்ரெண்ட் சொல்ற ஆளத்தான் தேடிப் போவீங்க. இந்தியா முழுக்க 2019ல இருந்து இ-சிகரெட் தயாரிக்க, இறக்குமதி பண்ண, விக்க, ஸ்டாக் வைக்க எல்லாத்துக்கும் தடை, பாண்டிக்கும் கடலூருக்கும் ஒரே சட்டம்தான். விக்கறவனுக்கு முதல் தடவையே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் கூட விழலாம். அப்படி ஒளிச்சு விக்கறவன் பாட்டில்ல லேபிள்ல 20ன்னு போட்டிருந்தா உள்ள 20 தானா இல்ல 50 தானான்னு யார் டெஸ்ட் பண்ணிச் சொல்லப் போறாங்க? 2019ல அமெரிக்கால வேப் பண்ணவங்க நுரையீரல் பாதிச்சு ஆஸ்பத்திரில சேர ஆரம்பிச்சாங்க, 2020 பிப்ரவரிக்குள்ள 2,807 பேர், அதுல 68 பேர் செத்துட்டாங்க. பெரும்பாலும் கஞ்சா எண்ணெய் போட்ட வேப், கலப்படத்துக்கு வைட்டமின் ஈ அசிடேட் சேர்த்திருந்தாங்க, அதிலயும் நிறைய பேர் கடைல வாங்காம தெரிஞ்சவங்க மூலமா வாங்கினது. உங்க லிக்விட்ல அது இருக்குனு நான் சொல்ல வரல, யார் கலக்கினாங்கனு தெரியாத ஒண்ண மூச்சுக்குள்ள இழுக்கறது எங்க போய் முடியும்னுதான் சொல்றேன்.

இன்னொரு விஷயமும் நடக்கும், நிறைய பேருக்கு நடக்குது. வீட்ல வேப், வேலைல பழையபடி தம்முனு ரெண்டும் சேர்ந்துக்கும். பத்துல இருந்து ரெண்டாக் குறைஞ்சுடுச்சுனு சந்தோஷம் வரும், ஆனா ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிச்சாக் கூட, இருபது பிடிக்கறவங்களுக்கு வர்ற கூடுதல் மாரடைப்பு ஆபத்துல கிட்டத்தட்ட பாதி வந்துடும். குறைக்கறது இதயத்துக்குப் போதாது தம்பி, முழுசா நிறுத்தணும்.

அதனால என் பதில், இந்த மெஷின் வேணாம். நீங்க விடணும்னு முடிவு பண்ணிட்டீங்க, அதுக்கு இங்கயே முறையான வழி இருக்கு. 1800-11-2356 காசில்லாத நம்பர், புகையிலைய விடறதுக்குன்னே மத்திய அரசு நடத்தறது, தமிழ்லயும் பேசலாம், ஆலோசகர் நாள் குறிக்க உதவி பண்ணிட்டு அப்புறம் அவங்களே திருப்பி கூப்பிட்டு விசாரிப்பாங்க. நேர்ல பாக்கணும்னா மஞ்சக்குப்பத்துல ஜி.எச்.ல கேளுங்க, இல்ல கோரிமேடு ஜிப்மர்ல மனநலப் பிரிவு ஓ.பி.க்குப் போங்க, மனநலப் பிரிவுங்கற பேரப் பாத்துக் கூச்சப்படாதீங்க, பழக்கத்துக்கு வைத்தியம் பாக்கறது அவங்கதான்.

நிகோடின் கம் 2 மில்லிகிராம் மெடிக்கல்ல சீட்டு இல்லாமயே கிடைக்கும், எழுந்த அரை மணி நேரத்துக்குள்ள முதல் தம் அடிக்கற ஆளுன்னா 4 மில்லிகிராம் தேவைப்படும், அதுக்கு டாக்டர் சீட்டு வேணும். பேட்சும் கம்மும் சேர்த்துப் போட்டா ஒண்ண மட்டும் போடறத விட பலன் அதிகம், அத டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க. நிறைய பேர் கம்ம சூயிங்கம் மாதிரி வேகமா மென்னு, விக்கல் எடுத்து, இது சரிப்படலனு தூக்கிப் போட்டுடறாங்க. மெதுவா மெல்லணும், காரம் சுள்ளுனு தெரிஞ்சதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சுடணும், காரம் போனதும் திரும்ப ரெண்டு மெல்லு, அரை மணி நேரம் அப்படியே. டீ, காபி, கூல்ட்ரிங்க் குடிச்ச கையோட போடாதீங்க, கால் மணி நேரம் விடுங்க, இல்லன்னா நிகோடின் சரியா ஏறாது.

விடற நாள நைட் ஷிஃப்ட் வாரத்துல வைக்காதீங்க. முதல் ரெண்டு மூணு நாள்தான் கடுமையா இருக்கும், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும், அதுல தூக்கம் கெட்ட உடம்பும் சேர்ந்தா விடியக்காலை மூணு மணிக்கு கேட்டுக்கு வெளிய டீக்கடைல கூட்டாளி நீட்டற சிகரெட்ட வேணாம்னு சொல்ல தெம்பு இருக்காது. பகல் ஷிஃப்ட் தொடங்கற திங்கக்கிழமையாப் பாத்து வையுங்க, கூட நிக்கற ரெண்டு பேர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, பிரேக்ல டீக்கடைக்குப் பதிலா கேன்டீனுக்குப் போங்க. ஆசை வந்தா சில நிமிஷம்தான் உச்சத்துல நிக்கும், அந்த நேரத்துக்கு கம் பாக்கெட்ல இருக்கட்டும்.