இரவுக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லாமல் ரைமன் அரங்குக்குப் போகலாமா?

கேள்வி: கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமியப் பாணி இசையில் புகழ்பெற்ற ஜானி கேஷ், பேட்ஸி கிளைன் பாடல்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். விரைவில் அமெரிக்காவின் நாஷ்வில் நகருக்குப் போகிறேன். இரவுக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ரைமன் அரங்கைப் பகலில் சுற்றிப் பார்ப்பதில் பயன் உண்டா?

உண்டு, தயங்காமல் போங்கள். பள்ளி நாளிலிருந்து கன்ட்ரி இசையில் ஊறியவன் நான். அந்தக் கட்டடத்தின் அருமை ஆளில்லாத பகல் நேரத்தில்தான் எனக்குப் பிடிபட்டது.

அது பாட்டுக்கென்று கட்டிய இடமே அல்ல. நீராவிப் படகுத் தொழிலில் செல்வம் சேர்த்த தாமஸ் ரைமன், 1885இல் சாம் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பிரசங்கியாரின் எழுப்புதல் கூட்டத்துக்குப் போய் மனம் திரும்பினார். கூடாரத்தில் நடந்த அந்தப் பிரசங்கத்தை ஊரே ஒரு கூரையின் கீழ் அமர்ந்து கேட்க வேண்டும் என்று விரும்பினார். அப்படி எழுந்த ஜெபக்கூடம் 1892இல் திறக்கப்பட்டது. 1904இல் அவர் காலமான பிறகுதான் அதற்கு அவர் பெயர் வந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. பேசுகிறவரின் குரல் அதன் சொந்த பலத்திலேயே கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இன்றும் சேர்கிறது. கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் உடைகளையும் கிதார்களையும் ஒரு சுற்றில் பார்த்துவிட்டு, நேராக மாடிக்கு ஏறுங்கள். மேடையை நோக்கி வளைந்த நீண்ட ஓக் பெஞ்சுகள்; கைபட்டுக் கைபட்டு அவற்றின் விளிம்புகள் வழவழத்துப் போயிருக்கின்றன. நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, மேடையில் படம் எடுத்துக்கொள்ள நின்ற ஒரு பெண்மணி, மைக் எதுவும் இல்லாமல் தனக்குத்தானே ஒரு வரி பாடிப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் என் பக்கத்தில் நின்று பாடியதுபோல வந்து சேர்ந்தது. கண் கலங்கிவிட்டது.

1943 முதல் 1974 வரை ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சி இங்கிருந்துதான் ஒலிபரப்பானது. 1945 டிசம்பரில் பில் மன்ரோவின் குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பான்ஜோ என்ற நரம்பிசைக் கருவியுடன் சேர்ந்தது இந்த மேடையில்தான். புளூகிராஸ் என்ற கன்ட்ரி இசை வகை அன்று பிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் சொல்வேன். 1949 ஜூனில் இங்கே முதன்முதலாக ஆப்ரியில் பாடிய ஹேங்க் வில்லியம்ஸை மக்கள் மேடையைவிட்டு இறங்க விடவில்லை. ஜானி கேஷும் ஜூன் கார்ட்டரும் அறிமுகமானது இதன் மேடைக்குப் பின்னால்.

பின்னால் என்றாலும் பெரிய இடம் ஒன்றும் அங்கே இருக்கவில்லை. ஆண்களுக்கு ஒரே ஓர் ஒப்பனை அறை; பெண்கள் கழிவறையில் உடை மாற்ற வேண்டியிருந்தது. குளிர்சாதனமும் கிடையாது. கோடையில் பார்வையாளர்கள் விசிறியால் வீசிக்கொண்டே கேட்டார்கள். தங்கள் முறைக்குக் காத்திருந்த கலைஞர்கள் பின்னாலிருந்த குறுகலான தெருவைக் கடந்து டூட்ஸீஸ் மதுக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். அந்தத் தெருவிலும் ஒருமுறை நடந்து பாருங்கள், சில எட்டுகள்தான்.

மேடையில் ஏறினால் ஒரு நிமிடம் காலடியைக் கவனியுங்கள். 2012இல் தளத்தைத் தேக்குப் பலகையால் மாற்றியபோது, முன்விளிம்பில் மட்டும் 18 அங்குல அகலத்துக்குப் பழைய ஓக் பலகையை விட்டுவைத்தார்கள். பாடகர்கள் நின்ற பலகை அது.

1974இல் ஆப்ரி புதிய அரங்குக்கு இடம்பெயர்ந்தபோது ரைமன் மேடையிலிருந்து வட்டமாக வெட்டிய மரத்தை அங்கே கொண்டுபோய்ப் பதித்தார்கள். மூலக் கட்டடத்தையோ இடித்து, அதன் கற்களைக் கொண்டு வேறொரு சிற்றாலயம் கட்டலாம் என்ற யோசனைகூட இருந்தது! எதிர்ப்பு கிளம்பியதால் கட்டடம் தப்பியது. ஆனாலும் இருபது ஆண்டுகள் சும்மா கிடந்தது. 1991இல் பாடகி எமிலூ ஹாரிஸ் அங்கே ஓர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். மாடி இடிந்து விழலாம் என்ற அச்சத்தில் அதன் மேலும் கீழும் யாரையும் உட்கார விடவில்லை. அந்தப் பதிவுதான் மக்களின் கவனத்தை மறுபடியும் ரைமன் பக்கம் திருப்பியது. 1994இல் புதுப்பித்துத் திறந்தார்கள். அந்த இசைத்தொகுப்பைப் போவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுவது நல்லது; மாலை நிகழ்ச்சி இருந்தால் மதியத்துக்கு மேல் மேடையில் ஆயத்த வேலை தொடங்கிவிடும். பயணம் குளிர்காலத்தில் என்றால் ஆப்ரியின் அட்டவணையையும் பாருங்கள். பல ஆண்டுகளாக அந்தப் பருவத்தில் நிகழ்ச்சி ரைமனுக்குத் திரும்பி வருவது வழக்கம், உங்களுக்கு ஒரு டிக்கெட் அதில் கிடைக்கலாம்.