லாரி வயது, எஃப்.சி., புகை: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

2012-இல் பதிவான ஆறு சக்கர லாரி வைத்திருக்கிறேன். 15 வருஷம் ஆனால் காயலான் கடைக்குத்தான் என்கிறார்களே? – கும்பகோணம்

அப்படி இல்லை. 15 வருஷத்தோடு பதிவு முடிகிற விதி, 2023 ஏப்ரல் முதல் அரசு வண்டிகளுக்கு வந்தது. தமிழ்நாட்டில் தனியார் லாரி எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுச் சோதனை) தேறும் வரை ஓடலாம். எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும்; அதன் பிறகு வருஷா வருஷம். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும்.

உங்கள் வண்டிக்கு வயது இடிப்பது நேஷனல் பர்மிட்டில்தான். ஆறு சக்கரத்துக்கு 12 வருஷம், டாரஸ் போன்ற பல அச்சு வண்டிக்கு 15 வருஷம். அதைத் தாண்டினால் கிடையாது. ஸ்டேட் பர்மிட்டில் நெல், உரம் ஏற்றி நம் மாவட்டங்களுக்குள் தாராளமாக ஓட்டுங்கள். காரைக்கால் துறைமுக லோடை மட்டும் அதை நம்பி எடுக்காதீர்கள். பக்கத்து ஊர்தான் என்றாலும் அது புதுச்சேரி எல்லை.

பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியில் டி.இ.எஃப். (புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசல்) தீர்ந்ததும் டிரைவர் வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்து ஊற்றிவிட்டார். என்ன செய்வது? – மன்னார்குடி

முதலில், சாவியே போடாதீர்கள். போட்டால் பல வண்டிகளில் பம்ப் அந்தக் கரைசலைக் குழாய்க்குள் இழுத்துவிடும். டேங்க்கை முழுக்க வடித்து, டிமினரலைஸ்டு (உப்பு நீக்கிய) தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். டி.இ.எஃப். ஃபில்டரை மாற்றிவிட்டு நல்ல கரைசலை நிரப்புங்கள். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் குழாயையும் கரைசலைத் தெளிக்கும் நாசிலையும் ஒர்க்‌ஷாப்பில் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

டி.இ.எஃப். என்பது 32.5 சதவீதம் சுத்த யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். வயல் யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கிறது. அது ஃபில்டரில் பிசினாகப் படியும். யூரியாவோடு சேர்ந்து வரும் பையூரெட் என்ற கழிவு டி.இ.எஃப்.பில் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உரத்திலோ 1.5 வரை அனுமதி. அது சைலன்சர் சூட்டில் வெள்ளைக் கல்லாக இறுகி நாசில் வாயை அடைக்கும். போர் தண்ணீரின் உப்பு இன்னும் மோசம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டையே கெடுத்துவிடும், அதன் விலை உங்களுக்குத் தெரியும்.

100 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 5 லிட்டர் என்று கணக்கு வைத்து, ஒரு கேன் கூடுதலாக வாங்கி நிழலில் வையுங்கள். 35 டிகிரி சூட்டில் ஆறு மாதம்தான் தாங்கும். ‘டி.இ.எஃப். இல்லாமலே ஓடும்படி கட் பண்ணித் தருகிறேன்’ என்று வருபவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் தண்டனை உரிமையாளருக்குத்தான்.

கொள்முதல் நிலைய லோடு அடிக்கும்போது டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு அடிக்கடி எரிகிறது. – நீடாமங்கலம்

குறுவை, சம்பா அறுவடையில் வண்டிகள் படும் பாடு இது. வரிசையில் மணிக்கணக்காக இன்ஜினை ஓடவிட்டு நிற்கிறது, பிறகு குடோன் வரை குறைந்த தூரம் மெதுவாகப் போகிறது. கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அந்த ஓட்டத்தில் அது வராது. காத்திருக்கும்போது இன்ஜினை அணையுங்கள். விளக்கு எரிந்தால் தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். அப்படியும் அணையாவிட்டால் வண்டியை நிறுத்தி, நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டு, ரீஜெனரேஷன் (கரி எரிப்பு) பொத்தானை அழுத்துங்கள். ஆனால் களத்திலோ வைக்கோல் சிதறிய இடத்திலோ வேண்டவே வேண்டாம். அடியில் ஒரு பிடி காய்ந்த வைக்கோல் இருந்தாலும் தீப்பிடிக்கும். வெறும் சிமென்ட் தரையாகப் பாருங்கள்.

பி.எஸ்.3 வண்டி புகைச் சோதனையில் தேறவில்லை. – பட்டுக்கோட்டை

உங்கள் வண்டிக்குப் புகை அடர்த்தி வரம்பு 65 எச்.எஸ்.யூ. (பி.எஸ்.4-க்கு 50). டீசல் நாசிலைக் கழற்றும் முன் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நெல் சுணை அடைத்திருந்தால் காற்று குறைந்து கரும்புகைதான் வரும். உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் ஊதுங்கள். உள் ஃபில்டரை ஊதக் கூடாது, மாற்ற வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜின் சூடான பிறகு சோதனைக்கு விடுங்கள். பி.எஸ்.3 சான்றுக்கு ஆறு மாதமே ஆயுள்.

உப்பு லோடு வண்டி. எஃப்.சி.க்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்? – வேதாரண்யம்

சேஸிஸை ஓரமாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்ற ஓசை மழுங்கி, செதில் உதிரும் இடத்தில் துரு உள்ளே இறங்கிவிட்டது. ஸ்பிரிங் பிராக்கெட், பிரேக் பைப், ஏர் டேங்க்கின் அடிப்பகுதி மூன்றும் முதலில் போகும். துருவைச் சுரண்டாமல் மேலே பெயின்ட் அடித்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணிலிருந்து வேண்டுமானால் தப்பலாம், உலோகம் தப்பாது. லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். ரிஃப்ளெக்டர் டேப் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. உப்புப் படிந்து மங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.