டவர் போடறதுக்கு முன்னாடி – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் கெமிக்கல் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ரெண்டு திரவம் கலந்திருக்கு, பிரிக்கணும்னா எங்க கிளாஸ்ல எல்லாரும் உடனே டிஸ்டில்லேஷன், அதாவது கொதிக்கவச்சு ஆவியாக்கி பிரிக்கிற முறைன்னு எழுதிடறாங்க. அது எப்பவும் சரியா? எங்கேருந்து யோசிக்க ஆரம்பிக்கணும்?

பதில்: நல்ல கேள்விம்மா. முதல்ல டவரை, அதான் டிஸ்டில்லேஷன் நடக்கற உயரமான கோபுரத்தை, மறந்துடுங்க. பிரிக்க வேண்டிய ரெண்டு பொருளும் எந்த குணத்துல ஒண்ணுக்கொண்ணு அதிகமா விலகி நிக்குதுன்னு பாருங்க. கொதிநிலையா, உருகுநிலையா, கரையற தன்மையா, மூலக்கூறோட அளவும் வடிவமுமா? அந்த பதில்தான் பாதி டிசைன்.

பாரா சைலீன், மெட்டா சைலீன்னு ஒரே ஃபார்முலா, வேற வேற வடிவம் உள்ள ரெண்டு திரவத்தையும் எடுத்துக்கங்க. பாரா கொதிக்கிறது 138 டிகிரில, மெட்டா 139-ல, ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம், இதை டிஸ்டில்லேஷன்ல பிரிக்கணும்னா டவரோட உயரம் எங்கயோ போயிடும். ஆனா உருகுநிலையைப் பாருங்க, பாரா 13 டிகிரிலயே உறைஞ்சிடும், மெட்டா மைனஸ் 48 வரைக்கும் தாக்குப்பிடிக்கும். அதனால குளிரவச்சு பாராவை படிகமா எடுத்தாங்க, ரொம்ப வருஷம் அதுதான் வழி. அதுலயும் ஒரு கட்டத்துக்கு மேல குளிரவச்சா பாராவோட சேர்ந்து மத்ததும் உறைய ஆரம்பிச்சிடும், அதனால பாராவுல ஒரு நல்ல பங்கு கையில சிக்காமலே போயிடும். அப்புறம் 1970-கள்ல ஜியோலைட்னு நுண்துளை உள்ள திடப்பொருள்ல பாராவை மட்டும் ஒட்டவச்சு எடுக்கற முறை வந்துச்சு, மீட்பு 90 சதவீதத்துக்கு மேல போச்சு. பொருள் அதேதான், பார்க்கற குணம் மாற மாற ப்ராசஸே மாறிடுச்சு பாருங்க.

அதுக்காக டிஸ்டில்லேஷனை ஒதுக்கவும் வேண்டாம். கொதிநிலை நல்லா தள்ளி இருந்து, சூடு பண்ணினா பொருள் கெடாதுன்னா அதுக்கு ஈடு கிடையாது. வெளியிலருந்து புதுசா ஒரு பொருளை உள்ள விடவேண்டியதில்லைங்கறது எவ்வளவு பெரிய நிம்மதின்னு வேலைக்கு போனதும் தெரியும். சால்வென்ட், அதான் கரைப்பான், போட்டு பிரிச்சா அந்த சால்வென்ட்டை திருப்பி எடுக்க இன்னொரு யூனிட் வேணும்.

கேள்வி: டவருக்குள்ள ஆவியும் திரவமும் சந்திக்கிற தட்டு, அதான் ட்ரே, அதோட எண்ணிக்கையை கூட்டிட்டே போனா எவ்வளவு ப்யூரிட்டி வேணும்னாலும் வாங்கிடலாமா சார்?

பதில்: குறைஞ்சபட்சம் எத்தனை ஸ்டேஜ், அதாவது முழுத் திறனோட வேலை செய்யற ட்ரே, வேணும்னு கணக்குப் போட ஃபென்ஸ்கே 1932-ல குடுத்த சமன்பாட்டை ஒருதடவை கையால போட்டுப் பாருங்க, சாஃப்ட்வேர் வேண்டாம், கால்குலேட்டர் போதும். மேல 99 சதவீதம், கீழயும் 99 சதவீதம் வேணும்னு வச்சுக்கங்க. பென்சீன் – டொலுயீன் மாதிரி ரிலேட்டிவ் வொலட்டிலிட்டி, அதாவது ஒண்ணு இன்னொண்ணை விட எத்தனை மடங்கு சுலபமா ஆவியாகுதுங்கற எண், 2.5 இருந்தா குறைஞ்சபட்சம் 10 ஸ்டேஜ். அதே ப்யூரிட்டிக்கு 1.1 மட்டும்தான் இருந்தா 96 ஸ்டேஜ். இது ஃபுல் ரீஃப்ளக்ஸ்ல, அதாவது மேல வர்ற ஆவியை திரவமாக்கி முழுக்க டவருக்கே திருப்பி விட்டு, ஒரு சொட்டு கூட ப்ராடக்ட் எடுக்காம. நிஜத்துல ப்ராடக்ட் எடுக்கணும், ட்ரே எஃபிஷியன்ஸியும் நூறு கிடையாது, அதனால இன்னும் ஏறும். ப்ரோப்பிலீன் – ப்ரோப்பேன் டவர்ல நூறு நூத்தைம்பதுக்கு மேல ட்ரே வைக்கிறது இதனாலதான்.

இப்ப இன்னொண்ணு போட்டுப் பாருங்க. 2.5-ஐ அப்படியே வச்சுட்டு ரெண்டு பக்கமும் 99.9 கேளுங்க. 15 ஸ்டேஜ்தான் வரும். அழுக்கு பத்துல ஒரு பங்கா குறைஞ்சிருக்கு, கூடினது அஞ்சே ஸ்டேஜ். அதனால ப்யூரிட்டியை பார்த்து பயப்படறதை விட வொலட்டிலிட்டியை பார்த்துதான் பயப்படணும்.

அஸியோட்ரோப் இருந்தா மட்டும் இந்த கணக்கெல்லாம் செல்லாது. எத்தனாலும் தண்ணியும் சாதாரண அழுத்தத்துல எடைக்கணக்குல எத்தனால் 95.6 சதவீதத்துக்கு வந்ததும் திரவத்துல என்ன விகிதமோ ஆவியிலயும் அதே விகிதம்தான், அதுக்கு மேல ஆயிரம் ட்ரே வச்சாலும் நகராது. அழுத்தத்தை நல்லா கீழ இறக்கினா அந்த முட்டுக்கட்டை காணாம போயிடும், ஆனா ஆவியோட கனஅளவு பெருகி டவர் ரொம்ப அகலமாயிடும், ஆவியை திரவமாக்கற கண்டென்சரையும் ரொம்ப குளிர்ச்சியா வைக்கணும். முன்னாடி பென்சீனை சேர்த்து உடைச்சாங்க, அது புற்றுநோய் உண்டாக்கற பொருள். இப்ப மாலிக்யூலர் சீவ்தான், மூலக்கூறு அளவுக்கு துளை உள்ள சல்லடை மாதிரி, அந்த துளையில தண்ணி நுழையும், எத்தனால் நுழையாது.

கேள்வி: வேலைல புதுசு சார். டவரை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கற சிமுலேட்டர்ல 99.5 சதவீத ப்யூரிட்டி சூப்பரா வருது, பிளான்ட்ல வரமாட்டேங்குது. எங்க தேடறது?

பதில்: ப்ராப்பர்ட்டி பேக்கேஜ்ல, அதான் கலவையோட குணங்களை சிமுலேட்டர் கணக்குப் போடற பகுதியில, தேடுங்க தம்பி. ஐடியல்னு, அதாவது கலந்தாலும் ரெண்டும் தனித்தனியா இருக்கற மாதிரியே நடந்துக்கும்னு, விட்டுட்டு எத்தனால் – தண்ணி ஓட்டினா சிமுலேட்டர் அஸியோட்ரோப்பே இல்லாத மாதிரி பதில் குடுக்கும், கணக்கு ஒழுங்கா முடிஞ்சு கன்வெர்ஜ் ஆயிடுச்சுன்னும் சொல்லும். ஐடியல் இல்லாத கலவைக்குன்னு 1968-ல வந்த என்ஆர்டிஎல் மாதிரி மாடலை தேர்ந்தெடுத்தா மட்டும் போதாது, உங்க ஜோடிக்கு பாராமீட்டர் நிஜமாவே இருக்கா, இல்ல பூஜ்யமா கிடக்கான்னு உள்ள போய் பாருங்க. டவரை ஓட்டறதுக்கு முன்னாடியே வெப்பநிலை – விகித வரைபடத்தை போட்டு, அளந்த டேட்டா மேல வச்சு பாக்கணும். இதை நான் எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன்.

அது சரியா இருந்தா அப்புறம் இரும்பை, அதான் நிஜ டவரை, பாருங்க. சிமுலேட்டர் பேசறது ஐடியல் ஸ்டேஜ். பிளான்ட்ல ஆவி ஜாஸ்தியானா திரவம் கீழ இறங்க முடியாம தேங்கி ஃப்ளட் ஆகும், குறைஞ்சா ட்ரே ஓட்டை வழியா திரவம் ஒழுகும், ரெண்டுலயும் ப்யூரிட்டி போயிடும். டவருக்கு மேலயும் கீழயும் உள்ள அழுத்த வித்தியாசம் திடீர்னு எகிறினா ஃப்ளட்டிங்கைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

கேள்வி: அஞ்சு பொருள் கலந்திருந்தா எதை முதல்ல எடுக்கணும்?

பதில்: கலவையை மேல, கீழன்னு ரெண்டா மட்டும் பிரிக்கிற சாதாரண டவர்னா 14 விதமா வரிசை போடலாம். உலோகத்தை அரிக்கிற பொருளை முதல்லயே வெளிய அனுப்பிடுங்க, இல்லன்னா பின்னால வர்ற எல்லா டவரையும் விலை கூடின உலோகத்துல செய்யணும். அளவுல அதிகமா இருக்கறதையும் சீக்கிரம் எடுங்க. கஷ்டமான ஜோடி கடைசியில, ஏன்னா அதுக்கு ரீஃப்ளக்ஸ் ஜாஸ்தி, சம்பந்தமில்லாததை எல்லாம் அங்க கொண்டுபோய் சேர்த்து கொதிக்க வச்சா ஸ்டீம் வீண்.

கேள்வி: இது பழைய சப்ஜெக்ட், இனிமே இதுல என்ன இருக்குன்னு சீனியர்கள் சொல்றாங்களே?

பதில்: ஒத்துக்கவே மாட்டேன். உலகத்துல செலவாகற எனர்ஜில 10 முதல் 15 சதவீதம் பொருளைப் பிரிக்கிறதுக்கே போகுதுன்னு ஒரு மதிப்பீடு இருக்கு. ஒரு கனமீட்டர் தண்ணியை ஆவியாக்க மட்டும் 600 யூனிட்டுக்கு மேல வெப்பம் வேணும், கடல் தண்ணியை மெம்ப்ரேன்ல, அதான் தண்ணியை மட்டும் விடற மெல்லிய சவ்வுல, தள்ளி அதே அளவு நல்ல தண்ணி எடுக்க 3, 4 யூனிட் கரண்ட் போதும். ஆவியோட வெப்பத்தை பல கட்டமா திரும்ப உபயோகிச்சாலும் இந்த இடைவெளி மூடறதில்லை. கரிம திரவங்களுக்கு இதே மாதிரி வேலை செய்யற, அந்த திரவத்துல ஊறி உப்பிப்போகாத, வருஷக்கணக்கா தாங்கற மெம்ப்ரேன் இன்னும் பெரிய அளவுல வரல. செய்யறதுக்கு வேலை அங்க நிறைய கிடக்கு.